நூல் விரியும் கோணத்துக்கு ஒரு பீடம்: முல்லைத்தீவுக் கிராம வாசிகசாலையொன்றில் பக்கங்களைப் படமெடுத்த நிகழ்வு ஆய்வு

முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளைக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடைப்பட்ட கிராமம் ஒன்றின் சனசமூக நிலைய வாசிகசாலையில் பழைய அச்சுப் பிரதிகளும் கையெழுத்துக் கொப்பிகளும் சேர்ந்திருந்தன. அவற்றைப் படமெடுத்துப் பாதுகாப்பதற்காக, உள்ளூர்த் தச்சர் ஒருவரின் உதவியுடன் மரப்பலகை, சன்னல் கண்ணாடி, 12 வோல்ற் மின்குமிழ்கள், ஒரு கைத்தொலைபேசி ஆகியவற்றைக் கொண்டு ஒரு பீடம் அமைத்தோம். அது ஏன் அந்த வடிவத்தை எடுத்தது, எங்கே நன்றாக வேலை செய்தது, எங்கே இன்னும் போதவில்லை என்பவற்றை, இதே வேலையில் இறங்க எண்ணும் வேறு வாசிகசாலைகளுக்கு உதவும் வகையில் இங்கே பதிவு செய்கிறேன். கமராவைத் தெரிவு செய்வதில் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது என்பதே என் முதன்மையான கருத்து. நூல் எவ்வளவு தூரம் சிரமமின்றி விரிகிறது என்பதில்தான் தொடங்க வேண்டும். அந்தக் கோணம் தெரிந்துவிட்டால், பலகையும் கண்ணாடியும் விளக்கும் கமராவும் எங்கெங்கே நிற்க வேண்டும் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும்.

எவற்றைப் படமெடுக்க வேண்டியிருந்தது

சேர்ந்திருந்தவற்றில் பெரும்பகுதி கோயில்களின் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், இறந்தவர்களின் முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும், கல்வெட்டு எனப்படும் நினைவு நூல்கள், சில இலக்கியச் சஞ்சிகைகள் ஆகியவை. இவற்றுக்கு அப்பால் கோவலன் கூத்துப் பாடல்கள் எழுதப்பட்ட ஒரு கொப்பி இருந்தது. கூத்துப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் ஒருவரின் குடும்பத்தார் அதை இரவல் தந்திருந்தார்கள். 2008, 2009 இடப்பெயர்வுகளின்போது காணி உறுதியுடனும் பிறப்புச் சான்றிதழுடனும் ஒரே பையில் கொண்டு திரியப்பட்டவை இவற்றுட் பல. பொலித்தீன் சுற்றி மண்ணில் புதைத்து, மீள்குடியேறிய பின் தோண்டி எடுக்கப்பட்டவையும் உண்டு. ஆகவே ஓரங்கள் நைந்திருந்தன, தைத்த கம்பிகள் துருவேறியிருந்தன, சிலவற்றில் கறையான் மண் பக்கங்களுக்கிடையே காய்ந்து ஒட்டியிருந்தது.

கல்வெட்டுகளை அற்பமானவை என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அதற்கு முற்றிலும் மாறான கருத்துடையவன். தேவாரமும் புலம்பற் பாடல்களும் முடிந்தபின் வரும் வம்சாவளிப் பக்கம், எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்து எந்தக் குளத்தின் கீழ் வயல் செய்தது என்பதைச் சொல்லும் ஒரே அச்சுச் சான்றாகச் சில வேளைகளில் இருக்கிறது. மலர்களின் விளம்பரப் பக்கங்களும் அப்படியே. இன்று இல்லாத கடைகள், அச்சகங்கள், மருந்தகங்கள் ஆகியவற்றின் பெயர்கள் அங்கேதான் நிற்கின்றன. அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட, எதையும் விடாமல் படமெடுப்பது என்று தொடக்கத்திலேயே தீர்மானித்தோம்.

தட்டையான வருடியை ஏன் தவிர்த்தோம்

வழக்கமான மின்வருடியில் (ஸ்கேனரில்) நூலைக் கவிழ்த்து வைத்து, பக்கம் கண்ணாடியில் படியும்வரை முதுகை அழுத்த வேண்டும். அதாவது நூல் 180 பாகைக்கு விரிய வேண்டும். பசை காய்ந்த முதுகு அந்த அழுத்தத்தில் வெடிக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நூலைத் தூக்கிக் கவிழ்ப்பதால் நைந்த ஓரங்கள் உதிரும். பத்திரிகைத் தாள் போன்ற மலிவான தாளில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கியிருப்பதால், காலப்போக்கில் அது மஞ்சளாகி அமிலத்தன்மை ஏறி முறியத் தொடங்குகிறது. அப்படிப்பட்ட தாளை ஒருமுறை திருப்புவதே செலவு. நூறுமுறை கவிழ்ப்பது பொருந்தாது. கையில் தொலைபேசியைப் பிடித்து எடுப்பதோ வேறு வகையில் போதாது. பக்கம் முதுகை நோக்கி வளைந்து செல்வதால் உள்விளிம்பு எழுத்துகள் ஒடுங்கும், கையின் நிழல் விழும், ஒவ்வொரு படமும் ஒவ்வோர் அளவில் அமையும்.

வீட்டிலேயே கட்டப்படும் நூல் வருடிகளுக்கு முன்மாதிரிகள் உண்டு. டானியல் ரீட்ஸ் என்ற அமெரிக்கர் 2009 இல் தாம் கட்டிய வருடியின் செய்முறையை இணையத்தில் வெளியிட்ட பின், அதைப் பின்பற்றிப் பல நாடுகளில் பலர் கட்டினார்கள். அது வி வடிவத் தொட்டிலில் நூலைக் கிடத்தி, அதே வடிவக் கண்ணாடியால் இரு பக்கங்களையும் மெல்ல அழுத்தி, இரண்டு கமராக்களால் ஒரே நேரத்தில் எடுப்பது. இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வருடும் நிலையங்களும் இதே தத்துவத்தில் இயங்குகின்றன. எங்களிடம் ஒரே மாதிரியான இரண்டு கமராக்கள் இல்லை. இரண்டு கண்ணாடிகளை ஒரு விளிம்பில் பிசகாமல் ஒட்டித் தரக்கூடியவரும் அருகில் இல்லை. எனவே அந்த வி வடிவத்தையே ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு முகம் படுக்கையாகவும் மற்ற முகம் எழுந்தும் நிற்கும்படி வைத்துக்கொண்டோம். படுக்கையான முகத்தில் கிடக்கும் பக்கத்தைக் கமரா செங்குத்தாக மேலிருந்து பார்க்கும். நூலின் மற்றப் பாதி எழுந்து நிற்கும் பலகையில் சாய்ந்திருக்கும்.

கோணமும் பலகையும்

நூலை முதுகில் நிறுத்தி, இரு கைகளாலும் தாங்கியபடி மெல்ல விரிய விட்டால், ஓரிடத்தில் அது எதிர்க்கத் தொடங்குவதை விரல்கள் உணரும். அந்த எதிர்ப்புக்குச் சற்று முன்னால் உள்ள கோணமே அந்த நூலின் கோணம். எங்கள் சேகரத்தில் பெரும்பாலானவை 100 முதல் 110 பாகைக்குள் அடங்கின. கம்பி தைத்த மெல்லிய மலர்கள் அதற்கு மேலும் விரிந்தன. விளிம்போடு சேர்த்துக் கட்டப்பட்ட ஒரு சஞ்சிகைத் தொகுதி 90 பாகையைத் தாண்டவில்லை. இதனால் எழுந்து நிற்கும் பலகையைப் பிணைச்சலில் பொருத்தி, பின்னால் ஒரு துளைச் சட்டமும் ஆணியும் வைத்து, வேண்டிய சாய்வில் நிறுத்தக்கூடியதாகச் செய்தோம். அடிப்பலகைக்கு முதிரை, பாரமான மரம் என்பதால் பக்கம் திருப்பும்போது பீடம் அசையவில்லை.

ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லச் செல்லப் படுக்கையில் கிடக்கும் அடுக்கு மெலிந்துகொண்டே போகும். கமரா 50 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்க, பக்கத்தின் மட்டம் 2 சென்ரிமீற்றர் இறங்கினால் எழுத்தின் அளவு ஏறக்குறைய 4 வீதம் மாறும், குவியமும் நழுவும். இதை விளக்கியபோது தச்சர் சிறிது நேரம் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கண்ணாடி நிண்ட இடத்தில நிக்கட்டும் தம்பி, புத்தகம் மேல வரட்டும்" என்றார். அதுவே தீர்வாயிற்று. கண்ணாடி மூடும்போது எப்போதும் இரண்டு மரக் கட்டைகளின் மேல் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். நூலின் கீழே ஒரு மெல்லிய பலகையும், அதன் கீழே மெத்தைக்குப் பயன்படும் பஞ்சுத் துண்டும் இருக்கும். 40 தாள்கள் திரும்பியதும் 4 மில்லிமீற்றர் அளவான ஓர் அட்டையைக் கீழே செருகினால் போதும், மிச்ச வித்தியாசத்தைப் பஞ்சு ஏற்றுக்கொள்ளும்.

கண்ணாடி 3 மில்லிமீற்றர் தடிப்பான சாதாரண சன்னல் கண்ணாடி. 25 இற்கு 35 சென்ரிமீற்றர் அளவில் வெட்டினால் அதன் நிறை ஏறத்தாழ 650 கிராம். சுருங்கிய தாளை மட்டப்படுத்த அது போதும், முதுகை நோகச் செய்யும் அளவுக்குப் பாரமில்லை. பிணைச்சல் நூலின் வெளியோரப் பக்கம் இருக்க வேண்டும். முதுகுப் பக்க விளிம்புக்குச் சட்டமே இருக்கக்கூடாது, ஏனெனில் அந்த விளிம்பு இரு பக்கங்களும் சேரும் மடிப்புவரை நெருங்கிச் சென்றால்தான் உள்விளிம்பு எழுத்துகள் தட்டையாகும். அந்த விளிம்பை நன்றாக அரைத்து மழுக்காமல் விட்டால் அது தாளையும் விரலையும் வெட்டும். அக்றிலிக் தகடு உடையாது என்பதால் சிலர் அதை விரும்புவார்கள். கிரவல் வீதித் தூசு பறக்கும் சோளகக் காற்றுக் காலத்தில் துடைக்கத் துடைக்க அதில் கீறல் விழும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். படச் சட்டங்களுக்கு விற்கும் சொரசொரப்பான கண்ணாடியும் எழுத்தின் கூர்மையைக் குறைக்கும்.

வெளிச்சம்

இந்த வேலையில் மிகுந்த கவனத்தைக் கேட்டது வெளிச்சமே. எழுந்து நிற்கும் பாதி, முதுகுப் பக்கத்திலிருந்து வரும் ஒளியை மறைத்துவிடும். வெளியோரத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சினால் அது எழுந்த பக்கத்தின் வெண்மையில் பட்டுத் திரும்பி, மடிப்பருகே எழுத்துகளை வெளுக்கச் செய்யும். எனவே விளக்குகள் பக்கத்தின் தலைப்பக்கம் ஒன்றும் அடிப்பக்கம் ஒன்றுமாக எதிரெதிரே நிற்க வேண்டும். தாளின் மட்டத்திலிருந்து 40 பாகையளவு உயரத்தில், இரண்டும் சம தூரத்தில் வைத்தபோது பக்கம் முழுதும் ஒளி சீராகப் பரவியது. வெற்றுத் தாளொன்றின் நடுவில் ஒரு பென்சிலை நிமிர்த்தி நிறுத்தினால் இரு புறமும் விழும் நிழல்கள் ஒரே கருமையில் இருக்க வேண்டும். விளக்குகள் சமமா என்பதை அறிய வேறு கருவி தேவையில்லை.

கண்ணாடியில் விழும் பிம்பம் அடுத்த சிக்கல். ஒளி படும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்பதால், கமராவின் பார்வைக் கூம்பு கண்ணாடியில் பட்டு மேலே திரும்பும் இடத்தில் வெளிச்சமான எது இருந்தாலும் அது படத்தில் தெரியும். விளக்குகளை அந்தக் கூம்புக்கு வெளியே வைத்த பின்னும் தகரக் கூரையின் ஓட்டை ஒளி, திறந்த சன்னல், படமெடுப்பவரின் வெள்ளைச் சட்டை, கமராவின் வெள்ளி விளிம்பு ஆகியவை பக்கத்தின் மேல் புகைபோலப் படிந்தன. கமராவின் வில்லை அளவுக்குத் துளையிட்ட கறுப்புத் துணியொன்றைக் கமராவைச் சுற்றிக் கூடாரமாகத் தொங்கவிட்டதும், வேலை செய்பவர்கள் கருநிறச் சட்டை அணிந்ததும் அவை மறைந்தன. இருட்டுக்காக இரவில் வேலை செய்வது எங்கள் பக்கத்தில் பொருந்தாது. மாரி தொடங்கியதும் விளக்கைத் தேடி வரும் ஈசலும் சிறு பூச்சிகளும் கண்ணாடியில் இறகுகளை உதிர்த்துவிடும். அவற்றைத் தட்டும்போது நசிந்தால் தாளில் கறை விழும். காலை வேளையில் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி வேலை செய்வதே நல்லது. மதியத்துக்குப் பின் அறை வெப்பத்தில் தொலைபேசியே சூடேறி மந்தமாகிவிடும்.

மின்சார ஒளியில் இன்னொரு நுட்பம் உண்டு. இலங்கையின் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்.ஈ.டி. குமிழ் அதனால் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கமராவின் திறப்பு நேரம் குறுகியதாக இருந்தால் அந்தத் துடிப்பு பக்கத்தின் குறுக்கே கறுப்புப் பட்டிகளாக விழும். திறப்பு நேரத்தை 1/50 விநாடியில் நிறுத்துவது ஒரு வழி. பற்றரியிலிருந்து வரும் நேரோட்ட மின்சாரத்தில் 12 வோல்ற் குமிழ்களை எரிப்பது அதைவிடச் சிறந்தது, ஏனெனில் அங்கே அந்தத் துடிப்பே இல்லை. இரண்டு 9 வாற்றுக் குமிழ்கள் 1.5 அம்பியர் இழுக்கும். 12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியும். மின்வெட்டு வந்தாலும் வேலை நிற்காது என்பது இதன் கூடுதல் நன்மை.

கமராவும் புள்ளியும்

தமிழ் எழுத்துக்கு எவ்வளவு நுணுக்கம் போதும் என்பதை மெய்யெழுத்தின் புள்ளியை வைத்தே தீர்மானிக்க வேண்டும். சிறிய ஈய எழுத்தில் அச்சான அடிக்குறிப்பில் அந்தப் புள்ளி மூன்றிலொரு மில்லிமீற்றர் அளவே இருக்கும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.085 மில்லிமீற்றர், புள்ளிக்கு நான்கு பிக்சல்கள் கிடைக்கும். 150 ஆகக் குறைந்தால் இரண்டே பிக்சல்கள்; புள்ளி எழுத்தின் தலையோடு கலந்து, க் என்பது க ஆகிவிடும். 12 மெகாபிக்சல் கமரா தரும் 4000 இற்கு 3000 பிக்சல் படத்தில் ஏ4 பக்கம் ஒன்று சட்டத்தை நிரப்பினால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 340 கிடைக்கும். மலர்களும் கல்வெட்டுகளும் அதைவிடச் சிறியவை என்பதால் நடுத்தர விலைத் தொலைபேசியின் முதன்மை வில்லையே போதுமாயிற்று. அகல வில்லையைப் பயன்படுத்தினால் ஓரங்கள் வளையும்.

கமரா தாளுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்கிறதா என்பதை மட்டக்கோலைவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி நன்றாகச் சொல்லும். அதைப் பக்கம் கிடக்கும் இடத்தில் தட்டையாக வைத்துத் திரையைப் பார்த்தால், வில்லையின் பிம்பம் திரையின் நடுப்புள்ளியில் தெரிய வேண்டும். விலகியிருந்தால் கமராவைத் தாங்கும் கையின் கீழ் மெல்லிய தகடு செருகித் திருத்த வேண்டும். பின்னர் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 100, நிலையான வெள்ளைச் சமநிலை, பூட்டிய குவியம் என்று எல்லாவற்றையும் கையால் அமைத்துவிட வேண்டும். ஆவணங்களை வெளுப்பாக்கிக் காட்டும் செயலிகளைப் படமெடுக்கும் கட்டத்தில் தொடவே கூடாது. கூத்துக் கொப்பியின் ஓரங்களில் அண்ணாவியார் பென்சிலால் இட்டிருந்த தாளக் குறிகளை அவை அழுக்கென்று கருதித் துடைத்துவிடும். படமெடுக்கும் பொத்தானாகக் காதொலிக் கருவியின் சத்தக் கூட்டல் பொத்தானைப் பயன்படுத்தினோம். பல அன்ரொயிட் தொலைபேசிகளில் அது வேலை செய்யும், தொலைபேசியைத் தொட்டு அசைக்க வேண்டியதில்லை.

பக்கங்களைத் திருப்பும் கை

ஒரு கமராவே இருப்பதால், முதலில் வலப்பக்கங்கள் அனைத்தையும் முதலிலிருந்து கடைசிவரை எடுத்து, பின் நூலைச் சுற்றி வைத்து இடப்பக்கங்களை எடுக்க வேண்டும். இரு தொகுதிகளையும் வெவ்வேறு கோப்புறையில் வைத்து, ஒன்றுக்கு ஒற்றை எண்களும் மற்றதற்கு இரட்டை எண்களும் கொடுத்துக் கலந்தால் நூல் ஒழுங்காகிவிடும். இரு தொகுதிகளின் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் எங்கோ இரண்டு தாள்கள் ஒன்றாகத் திரும்பியிருக்கின்றன என்று பொருள். அந்த எண்ணிக்கையைச் சரிபார்க்காமல் நூலை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பதை விதியாக வைத்தோம். கையுறை தேவையில்லை, கழுவி நன்றாக உலர்த்திய கைதான் மெல்லிய தாளின் ஓரத்தை உணரும். எதிர்ப்பக்க அச்சு ஊடுருவித் தெரியும் தாள்களுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்தால் அது மங்கிவிடும். துருவேறிய கம்பியின் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்திக் கழற்றி, பின்னர் நூலால் தைத்தோம். செலோரேப் எதிலும் ஒட்டவில்லை.

படங்களை ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருளில் இட்டு நேராக்கி, ஓரம் வெட்டினோம். மூலப் படங்களில் கை வைக்கவில்லை. டெசரக்ட் என்ற எழுத்துணரி தமிழையும் வாசிக்கும். ஆனால் 1978 இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் வழங்கிய ணை, லை, றா, னா போன்ற பழைய வடிவங்கள் வரும் பக்கங்களில் அது அதிகம் தடுமாறுகிறது. அவற்றை மனிதர்தான் வாசித்துத் திருத்த வேண்டும்.

200 பக்க நூல் ஒன்று ஏறக்குறைய ஒரு கிகாபைற் இடம் எடுக்கும். ஒரு பிரதி வாசிகசாலையிலும், ஒன்று வேறொரு வீட்டிலும், ஒன்று மாவட்டத்துக்கு வெளியிலும் இருக்க வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் ஓரிரவில் அழிந்தன. அதை அறிந்த சமூகம் மூன்றாம் பிரதியைச் சோம்பலால் தவிர்க்க முடியாது. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் ஏற்கெனவே உள்ள மலர்களைத் தேடிப் பார்த்து, இல்லாதவற்றை முதலில் எடுத்தோம். பொதுவெளியில் இடுவது வேறு விடயம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கியோனின் உரிமை அவர் வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். ஆகையால் கல்வெட்டுகளுக்குக் குடும்பத்தாரிடமும் மலர்களுக்கு வெளியீட்டாளரிடமும் எழுத்தில் அனுமதி பெற்றபின்பே பகிர்கிறோம்.

பீடம் போதாத இடங்கள்

கூத்துக் கொப்பியின் இறுதித் தாள்கள் ஈரத்தில் ஒட்டிப் போயிருந்தன. அவற்றைப் பிரிக்கக் கொப்பியின் உரிமையாளர் சம்மதித்தபோதும் நாங்கள் பிரிக்கவில்லை. மை தண்ணீரில் கரையும் வகையாக இருந்ததால் ஆவி காட்டிப் பிரிப்பது பாடலையே அழித்துவிடக்கூடும். பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் ஒருவரிடம் காட்டும்வரை அவை அப்படியே இருக்கும்.

பத்திரிகைகளுக்கு இந்தப் பீடம் போதாது. ஒரு பக்கம் 55 சென்ரிமீற்றர் உயரம் எனில், அதே கமராவில் அங்குலத்துக்கு 185 பிக்சலே கிடைக்கும். புள்ளி மீண்டும் எழுத்தோடு கலந்துவிடும். பக்கத்தை மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு படங்களாக, நடுவில் நான்கு விரல் அகலம் இரண்டிலும் வரும்படி எடுத்து, பின்னர் கணினியில் பொருத்துவதே இப்போதைக்கு உள்ள வழி. அதற்குக் கமராவை அசைக்காமல் அடிப்பலகையே முன்னும் பின்னும் ஒரே தூரம் நகர வேண்டும் என்பதால், மேசை லாச்சிக்குப் பொருத்தும் இரும்புச் சறுக்குச் சட்டங்களில் பலகையை ஏற்றும் வேலையைத் தச்சர் இப்போது தொடங்கியிருக்கிறார்.